பந்து வராத பக்கம்: கார்னர்பேக்குகள் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில், பாஸ் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களைக் காவல் காப்பவர்கள் கார்னர்பேக்குகள். அவர்களை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எங்கள் டீம் கார்னரை எப்போது துரத்துவார்கள்" வகைக் கேள்விகளுக்கு மன்னிக்கவும், என்னிடம் பதில் இல்லை.

நான் இந்த சீசனில்தான் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பார்க்க ஆரம்பித்தேன். இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தை இடையில் பறிப்பது) நிறைய எடுப்பவர்தானே நல்ல கார்னர்?

நாம்டி ஆசம்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு ஆடியபோது 8 இன்டர்செப்ஷன். அடுத்த மூன்று சீசன்களிலும் வருஷத்துக்கு ஒன்றே ஒன்று. ஆள் மங்கிவிடவில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள் அவர் பக்கம் எறிவதையே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பந்து வந்தால்தானே பறிக்க முடியும்?

டேரல் ரீவிஸும் அப்படித்தான். 2009இல் நியூயார்க் ஜெட்ஸில் எதிரணியின் முதல்தர ரிசீவரை வாரா வாரம் தனியாளாகக் கட்டிப்போட்டார். அந்த வருஷம் அவர் தட்டிவிட்ட பாஸ்கள் 31, பறித்தவை 6. அடுத்த வருஷம் பறித்தது பூஜ்யம். சில ஆட்டங்களைக் காயத்தால் தவறவிட்டார் என்றாலும், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அவரைக் குறைத்து மதிப்பிட்ட பயிற்சியாளர் யாரும் இல்லை.

அண்ணா, நான் டல்லாஸ் ரசிகன். 2021இல் டிரெவான் டிக்ஸ் 11 இன்டர்செப்ஷன் எடுத்தார். அவரைப் போய் ஓட்டை என்கிறார்களே?

கோபம் புரிகிறது. ஆனால் அதே சீசனில் அவர் காவலில் இருந்த ரிசீவர்கள் ஆயிரம் யார்டுக்கு மேல் எடுத்ததாக ஆட்டங்களைக் குறித்துக் கணக்கிடுபவர்கள் காட்டினார்கள். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள். டிக்ஸ் கல்லூரிக்கு வந்தபோது ரிசீவர். பந்து எங்கே வரும் என்று மோப்பம் பிடித்துப் பாய்வார். கணிப்பு சரியாக இருந்தால் பந்து கையில். தப்பினால் ரிசீவர் பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருப்பார்.

என்னைக் கேட்டால் அந்தச் சூதாட்டம் அந்த வருஷம் லாபம்தான். டர்ன்ஓவருக்கு, அதாவது எதிரணியின் பந்து நம் கைக்கு வருவதற்கு, அவ்வளவு மதிப்பு உண்டு. ஆனால் 11 என்ற எண்ணை வைத்து அடுத்த வருஷமும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். புள்ளிவிவரங்களிலேயே வருஷத்துக்கு வருஷம் ரொம்பத் தாவுவது இன்டர்செப்ஷன் கணக்குதான்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது?

முதலில், அவர் கவரேஜில் (ரிசீவரைக் காக்கும் வேலையில்) நின்ற ஸ்னாப் (பந்தை ஆட்டத்துக்கு விடும் ஒவ்வொரு தடவை) எத்தனை, அதில் அவர் பக்கம் பந்து வந்தது எத்தனை தடவை என்று பாருங்கள். விட்டுக்கொடுத்த மொத்த யார்டை அந்த ஸ்னாப் எண்ணிக்கையால் வகுங்கள். பந்து வராத ஸ்னாப்களும் அதில் அடங்கிவிடும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

அடுத்தது, அவர் பக்கம் எறிந்தபோது குவார்ட்டர்பேக்குக்குக் கிடைத்த பாஸர் ரேட்டிங் (எறிதலின் தரத்தைச் சொல்லும் எண்). இதில் 39.6 என்ற எண்ணை மனதில் வையுங்கள். ஒவ்வொரு பந்தையும் யாரிடமும் போகாமல் தரையில் எறிந்தால் வரும் ரேட்டிங் அது. ஒரு கார்னரின் எண் அதற்கும் கீழே போனால், அவர் பக்கம் எறிவதைவிடப் பந்தைத் தரையில் போடுவதே எதிரணிக்கு லாபம் என்று அர்த்தம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆளை அல்லாமல் இடத்தைக் காக்கும் ஸோன் கவரேஜில் "இது யாருடைய ஆள்" என்பதை வீடியோ பார்த்து ஒருவர் ஊகித்துத்தான் எழுதுகிறார். இரண்டு நிறுவனங்களின் கணக்கு ஒத்துப்போகாததற்கு அதுவே காரணம்.

எங்கள் கார்னர் எப்போதும் 7, 8 யார்டு தள்ளியே நிற்கிறார். ஷார்ட் பாஸை எல்லாம் விட்டுவிடுகிறார். பயமா?

அப்படி நிற்கச் சொன்னது பெரும்பாலும் பயிற்சியாளர்தான். கவர் 3 என்ற ஸோன் அமைப்பில் அவர் வேலை ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காப்பது. மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 9 யார்டு தேவை. ரிசீவர் 6 யார்டில் பிடிக்கிறார், கார்னர் அங்கேயே சாய்த்துவிடுகிறார், எதிரணி பன்ட் செய்கிறது, அதாவது பந்தை உதைத்துக் கொடுத்துவிடுகிறது. புள்ளிவிவரத்தில் அது அவர் "விட்ட" கேட்ச். ஆட்டத்தில் அவர் வென்ற பந்து.

பெரிய சம்பளத்துக்கு வாங்கிய கார்னர் புது டீமில் ஏன் சொதப்புகிறார்?

மறுபடியும் ஆசம்வாதான். 2011இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை வாங்கியது. ஓக்லண்டில் ஒரு பக்கத்தில் நின்று ரிசீவரை முட்டி நிறுத்தி மேன் கவரேஜ் (ஒரே ஆளை ஒட்டிக் காப்பது) ஆடியவரை, இங்கே பல இடங்களுக்கு மாற்றி, ஸோனும் ஆடச் சொன்னார்கள். இரண்டே சீசனில் கதை முடிந்தது. மாறாக, ரிச்சர்ட் ஷெர்மனை சியாட்டில் பெரும்பாலும் இடது பக்கத்திலேயே வைத்திருந்தது. ரிசீவரைப் பின்தொடர்ந்து போகவில்லை என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. 2013இல் அதே இடத்தில் நின்றபடி 8 பந்துகளைப் பறித்தார்.

டிவியில் கார்னரே தெரிவதில்லையே, எப்படிக் கவனிப்பது?

உண்மைதான், ஸ்னாப் ஆனதும் கேமரா குவார்ட்டர்பேக்கோடு போய்விடும். 22 பேரும் தெரியும் ஆல்-22 வீடியோ கிடைத்தால் ஒரு கால் மணி நேரம் ஒரே கார்னரை மட்டும் பாருங்கள். பந்தை மறந்துவிடுங்கள். பிரெஸ் செய்யும்போது (ரிசீவரை ஒட்டி நின்று முட்டும்போது) கை முதலில் பாய்கிறதா, கால் முதலில் நகர்கிறதா? கை பாய்ந்தால் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும், ரிசீவர் விலகி ஓடிவிடுவார். கண் ரிசீவரின் இடுப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தலையாலும் தோளாலும் ஏமாற்றலாம், இடுப்பால் முடியாது.

ஆழமான பந்து வரும்போது ஒட்டி ஓடிக்கொண்டிருந்தால் திரும்பிப் பந்தைப் பார்க்கலாம். ஓர் அடி பின்தங்கியிருந்தால் திரும்பவே கூடாது, ரிசீவரின் கையைப் பார்த்துத் தட்ட வேண்டும். பின்தங்கிய பிறகும் திரும்பிப் பார்ப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு கார்னர் ஆட்டத்தைச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வேறு ஆளுக்காகச் சொல்கிறேன். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல், அரிசோனா. நியூ இங்கிலாந்து 28-24 என முன்னிலை. சியாட்டிலுக்குத் தேவை 1 யார்டு, நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு. வலது பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். முன்னால் ஜெர்மெய்ன் கியர்ஸ், பின்னால் ரிகார்டோ லாக்கெட். கியர்ஸ் முன்னேறி நியூ இங்கிலாந்து கார்னர் மால்கம் பட்லரை வழிமறித்தால் லாக்கெட் உள்ளே வெட்டிப் பிடிப்பார், இதுதான் திட்டம்.

பட்லர் பாய்ந்து பறித்தார். டீம்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுமுகம், ஒரே பந்தில் சரித்திரம். ஆனால் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். ஸ்னாப் ஆன நொடியில் நியூ இங்கிலாந்தின் பிராண்டன் பிரவுனர் கியர்ஸை நெஞ்சில் முட்டி அந்த இடத்திலேயே நிறுத்துகிறார். பட்லர் ஓடிய வழி அதனால்தான் திறந்தது. பிரவுனரும் ஒரு கார்னர்தான், அதற்கு முந்தைய சீசன் வரை சியாட்டிலில் இருந்தவர். ஆட்டக் குறிப்பில் அந்த முட்டலுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தக் காலத்து கார்னர்கள்தானே பெரிய ஆட்கள்?

விதி வேறு. 1978இலிருந்து 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டு மறிக்கக் கூடாது. அதற்கு முன் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. 'நைட் ட்ரெய்ன்' லேன் 1952இல் முதல் சீசனிலேயே 12 ஆட்டங்களில் 14 இன்டர்செப்ஷன் எடுத்தார், இன்றுவரை யாரும் தொடவில்லை. ஒப்பிடாமல் இரண்டையும் ரசியுங்கள்.

பெனால்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்து வரும் முன்பே ரிசீவரைத் தடுக்கும் தவறு) என்றால் கல்லூரி ஆட்டத்தில் அதிகபட்சம் 15 யார்டு. என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். 40 யார்டு போனாலும் அது அவர் விட்டுக்கொடுத்த யார்டு கணக்கில் ஏறாது. நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) முக்கியமா, கவரேஜ் முக்கியமா?

குவார்ட்டர்பேக் சராசரியாக மூன்று நொடிக்குள் எறிந்துவிடுகிறார். ரஷ் அதை இரண்டாக்கினால் சுமாரான கார்னரும் நட்சத்திரம். ஐந்து நொடி கொடுத்தால் ரீவிஸாலும் முடியாது. ஒருவரை எடைபோடும்போது முன்னால் நின்று ரஷ் செய்த நால்வரையும் ஒரு பார்வை பாருங்கள்.

கடைசியாக, இன்றைக்கு யார்?

டென்வரின் பேட்ரிக் சர்டெய்ன். 2024இல் லீகின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கினார். ஒரு கார்னர் அதை வாங்கியது 2019இல் ஸ்டெஃபான் கில்மோருக்குப் பிறகு அப்போதுதான். 2024 சீசனில் சர்டெய்னுடைய இன்டர்செப்ஷன் நான்குதான்.