இளங்கலையிலிருந்து ஐடி டிப்ளமோவுக்கு மாறும் முன்
வணக்கம். மெல்பர்னில் இளங்கலை முதல் செமஸ்டரில் இருக்கும் நீங்கள், கட்டணச் சுமையால் தனியார் கல்லூரியொன்றின் தகவல் தொழில்நுட்ப டிப்ளமோவுக்கு மாறினால் இருக்கும் விசாவே செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். செல்லாது. 500 வகை மாணவர் விசாவின் 8202ஆம் நிபந்தனைப்படி, விசா எந்தத் தகுதிநிலைப் படிப்புக்காக வழங்கப்பட்டதோ அதே நிலையிலோ அதற்கு மேற்பட்ட நிலையிலோதான் உங்கள் பதிவு தொடர வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசியத் தகுதிநிலை வரிசையில் இளங்கலை 7ஆம் நிலை, டிப்ளமோ 5ஆம் நிலை என்பதால், புதிய விசா கைக்கு வந்த பிறகே மாறுவது முறை. அதன் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 2025 ஜூலை நிலவரப்படி 2,000 ஆஸ்திரேலிய டாலர், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதன்மைப் படிப்பில் (இங்கே உங்கள் இளங்கலையில்) ஆறு மாதம் நிறைவதற்குள் மாறுவதாயின், பல்கலைக்கழகத்தின் விடுவிப்பும் (வேறு கல்லூரிக்கு மாற அது தரும் ஒப்புதல்) பொதுவாகத் தேவைப்படும். "சேர்க்கை உறுதிக் கடிதம் வந்தால் போதும்" என்னும் முகவர்களை (கமிஷன் அவர்களுக்கு, விசா ரத்து உங்களுக்கு) நம்ப வேண்டாம். முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தவணை முறையில் கட்ட வழியுண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.