கைக்குழந்தையோட இருக்கும்போது ஆண்டவரோடயும் சபையோடயும் எப்படி ஒட்டி இருக்கறது?

குழந்தைக்கு அஞ்சு மாசம், பைபிளத் திறக்கவே முடியல, கோயிலுக்குப் போனாலும் வெளியவே நிக்கறேன், ஆண்டவர் தூரமா போயிட்ட மாதிரி இருக்குன்னு கேட்டிருக்கீங்க. படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, ஏன்னா நானும் அந்த வராண்டாலதான் நின்னேன்.

கல்யாணம் ஆகி திருநெல்வேலில இருந்து சென்னை வேளச்சேரிக்கு வந்தவ நான். ஊர்ல காலைல அஞ்சு மணிக்கு ஜெபம் பண்ணியே வளந்தது, ஆனா பையன் பிறந்தப்புறம் அவன் கண்ணசர்றதே அஞ்சு மணிக்குதான், நானும் அப்படியே தூங்கிடுவேன், எழுந்ததும் மனசு குத்தும். ஆராதனைல அவன் அழுதா முன் வரிசைல திரும்பிப் பாப்பாங்க. ஒரு நாள் ஒருத்தங்க "பச்சப்புள்ளய வச்சிகிட்டு ஏன் வரணும்"னே கேட்டுட்டாங்க, ஆட்டோல வீடு வர்ற வரைக்கும் அழுதேன்.

என்னைத் தாங்குனது பைபிள்ல ஏசாயா 40:11 வசனம். சின்ன வயசுல மனப்பாடம் பண்ணதுதான். ஆட்டுக்குட்டிகளை மடியில சுமப்பார்னு வரும்ல, அதோட சேத்தே "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்"னு இருக்கு. கறவலாடுன்னா பால் குடுக்குற தாய் ஆடு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் குடுக்கும்போது அந்த "மெதுவாய்" மனசுல வந்து நின்னுச்சு, என்னால மந்தையோட ஓட முடியாதுன்னு அவருக்கே தெரியும்போது நான் ஏன் அந்த அஞ்சு மணியையே பிடிச்சுகிட்டு இருக்கணும்னு தோணுச்சு. அப்புறம் பால் குடுக்குற நேரம்தான் ஜெப நேரம், வார்த்தை வரலன்னா ஒரு கீர்த்தனைய மெல்லமா பாடுவேன், அவ்ளோதான்.

சபை கிடைச்சது ஒரு திருவிருந்து ஞாயித்துக்கிழமைல, அதான் முன்னாடி போய் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குற நாள். இவனை வச்சிகிட்டு எப்படி முழங்கால் போடறதுன்னு கடைசி பெஞ்சுலயே உக்காந்துட்டேன், பேர்கூட தெரியாத ஒரு அக்கா "இங்க குடும்மா, நீ போய்ட்டு வா"ன்னு கைய நீட்டுனாங்க. திரும்பி வந்தா அவங்க வளையலக் கடிச்சிகிட்டு சிரிக்கறான். அவங்கதான் தெருவுல நடக்குற வீட்டு ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க பாயில பிள்ளையப் போட்டுட்டு நிம்மதியா உக்காரலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. அதனால மொத்த சபையோடயும் பழகணும்னு இப்பவே நினைக்காதீங்க, ஒரு அக்கா போதும்.

ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்கலன்னா வார நாள்ல மதிய நேரம் சென்னைல இருக்குற சாந்தோம் கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் போய் பாருங்க. நாங்க சிஎஸ்ஐதான் (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கர் இல்ல), இருந்தாலும் இயேசுவோட சீஷர் தோமாவோட கல்லறை இருக்குற அந்த சின்ன ஆலயத்துல இவன் என் தோள்ல தூங்க, ஒரு வார்த்தையும் பேசாம அரை மணி நேரம் உக்காந்திருக்கேன்.

ஒண்ணு முக்கியம், ரெண்டு வாரத்துக்கு மேல அழுகையும் வெறுமையுமாவே இருந்தா டாக்டரைப் பாருங்க, அது விசுவாசக் குறைவு இல்ல, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு நோயா இருக்கலாம், சிகிச்சை எடுத்தா சரியாகும். அப்புறம் உங்க சபை ஐயர்கிட்ட, அதான் போதகர்கிட்ட, சொல்லி வைங்க, வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து திருவிருந்து குடுப்பாங்க, அது வயசானவங்களுக்கு மட்டும்னு நினைச்சிகிட்டு கேக்காம இருந்துடாதீங்க.