மாதாவுக்கு நேர்ந்துகொண்ட 5,000 வெள்ளி

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "சென்ற ஆண்டு என் கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கு 5,000 வெள்ளி காணிக்கை தருவதாக நேர்ந்துகொண்டேன். அவர் நலமாகிவிட்டார். ஆனால் பளு தூக்கக் கூடாது என்பதால் வேலை மாறி, சம்பளம் குறைந்துவிட்டது. ஊரில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு மாதம் 400 வெள்ளி அனுப்புகிறேன். அதை ஓராண்டு நிறுத்தினால் நேர்ச்சை ஏறக்குறைய தீர்ந்துவிடும். தள்ளிப்போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார். நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள். நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய இந்த மாதப் பணத்தை இன்றே அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் நற்செய்தியே. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற சொல் வருகிறது. கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்ட காணிக்கை என்று பொருள். தாய் தந்தைக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். பெற்ற தாயின் அரிசிக்கும் மருந்துக்கும் போக வேண்டிய பணம் காணிக்கையாக மாறுவதை அவர் விரும்பவில்லை. அந்தக் கண்டிப்பு உங்களைக் காக்கவே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நேர்ச்சையை மறந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1191ஆம் விதிப்படி நேர்ச்சை என்பது நன்கு எண்ணி, முழு மனச் சுதந்திரத்தோடு, நிறைவேற்றக்கூடிய ஒரு நல்ல செயலைக் குறித்துக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி. அதை நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் அதே தொகுப்பு எவ்வளவு இரக்கமானது என்பது நம் மக்கள் பலருக்குத் தெரிவதில்லை. நேர்ந்துகொண்டவரை மட்டுமே நேர்ச்சை கட்டுப்படுத்தும் என்கிறது 1193ஆம் விதி. ஆகவே உங்கள் கணவர் மீதோ பிள்ளைகள் மீதோ இந்தக் கடன் இல்லை. நேர்ந்துகொண்ட காரியத்துக்கு ஈடான, அல்லது அதைவிடச் சிறந்த நன்மையாக நீங்களே அதை மாற்றிக்கொள்ள 1197ஆம் விதி இடம் தருகிறது. அதைவிடச் சிறியதாக்க வேண்டுமென்றால், தக்க காரணம் இருந்தால், உங்கள் பங்குத்தந்தையே செய்து தரலாம். நேர்ச்சையிலிருந்து முழுவதும் விடுவிக்கும் அதிகாரம்கூட அவருக்கு உண்டு. ஆயரிடம் மனுப் போட வேண்டியதில்லை, ரோமுக்கு எழுத வேண்டியதும் இல்லை.

உங்கள் மாமியாரோடு வாதாட வேண்டாம். மகனை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய தாய் அவர். அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒன்று உண்மை. பணம் வரவில்லை என்று பிழைத்தவரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவர் நம் கடவுள் அல்லர். லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளர் குணமாகிறார்கள். திரும்பி வந்த ஒருவர் இயேசுவின் காலில் விழுந்து நன்றி சொன்னார், அவ்வளவுதான். வராத ஒன்பது பேரின் நோயும் திரும்பி வந்ததாக நற்செய்தி சொல்லவில்லை.

பங்கு நிதிக்குழுவில் இருந்த காலத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிலராகச் சேர்ந்து காணிக்கை எண்ணுவோம். ஒரு நாள் ஓர் உறைக்குள் மூன்று 2 வெள்ளி நோட்டுகள். நெகிழித்தாள் என்பதால் நான்காக மடித்திருந்தும் மேசையில் வைத்தவுடன் விரிந்துகொண்டன. உறையின் பின்பக்கம் பென்சிலில், நடுங்கும் தமிழ் எழுத்தில், "பேரன் நடந்துவிட்டான், நன்றி மாதாவே" என்று இருந்தது. பெயர் இல்லை. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கணக்கில் அது 6 வெள்ளிதான். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை இயேசு எப்படிப் பார்த்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியது.

இனி உங்கள் வழிக்கு வருவோம். நேர்ந்துகொண்டபோது கெடு எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால், மாதம் 50 வெள்ளி ஒதுக்குங்கள். 100 மாதத்தில் முடியும். எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று மலைக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் கணவர் உயிரோடு இருப்பதற்கு ஒரு முறை நன்றி சொல்கிறீர்கள். அந்த 50 வெள்ளியும் கடினம் என்றால் தொகையைக் குறைத்துத் தரும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கடன் அட்டையிலோ கைமாற்றாகவோ வாங்கி மட்டும் கொடுக்காதீர்கள்.

பணம் வேளாங்கண்ணிக்கே போக வேண்டுமென்றால் ஒரு சட்டச் சிக்கலைக் கவனியுங்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள் என்பதால், இந்திய நிறுவனம் ஒன்றுக்கு நீங்கள் தருவது இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதைப் பெறும் நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் இதற்கென உள்ள கணக்கில்தான் பணம் இறங்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி அதில் செலுத்துங்கள். அண்ணன் கணக்கில் போட்டு "கோயிலில் கட்டிவிடு" என்பதும், அருட்தந்தை ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதும் வேண்டாம். நல்ல மனிதர்களை வீண் வம்பில் மாட்டிவிடும். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே வேலை செய்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அம்மாவுக்கு நீங்கள் அனுப்புவது உறவினருக்கான பணம் என்பதால் அதற்கும் தடையில்லை.

எனக்குப் பிடித்த இன்னொரு வழியும் இருக்கிறது. நேர்ச்சையின் ஒரு பகுதியை இங்குள்ள நோயாளிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவமனை நடைபாதையில் நின்று அழுதவர் நீங்கள். இன்றும் அங்கே யாரோ ஒருவர் நிற்கிறார். இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் அசிசி ஹாஸ்பிஸ் இருக்கிறது. வீடு தேடிப்போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் இருக்கிறார்கள். பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையைப் போல் 2.5 மடங்கு உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். கொடுக்கும்போதே அடையாள அட்டை எண்ணைத் தந்துவிட்டால் வருமான வரிக் கணக்கில் தானாகப் பதிவாகும். அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலய உண்டியலில் போடும் காணிக்கைக்குப் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது, அதை எதிர்பார்த்துப் போடுவதுமில்லை.

பத்தில் ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டுமா என்று வேறு பலரும் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை விழுக்காடு எதையும் விதிக்கவில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டும், ஏழைகளுக்குத் தம் சொந்த வருவாயிலிருந்து பகிர வேண்டும் என்று 222ஆம் விதி சொல்கிறது. அளவைப் பிறர் சொல்லிக் கேட்காமல் உங்கள் மனதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வரும் ஞாயிறு ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போங்கள். 1888இலிருந்து நம் மக்கள் கண்ணீரோடும் நன்றியோடும் ஏறிய படிகள் அவை. கணவரையும் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். திருப்பலி முடிந்ததும் அருட்தந்தையிடம், "சாமி, ஒரு நேர்ச்சையைப் பற்றிப் பேச வேண்டும்" என்று தொடங்குங்கள். அவர் சொல்வதை உங்கள் மாமியாரும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.