கச்சான் காற்றில் பொன்சாய்: இலையை விட வேரையே கவனியுங்கள்

பண்டாரவளையிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு வாங்கிய, சாடியில் குறுக்கி வளர்த்த ஜுனிப்பர் மரம் (பொன்சாய்) ஓகஸ்ட் மாதத்தில் நுனியிலிருந்து பழுப்பாகத் தொடங்கியது. குசினிக்கு வெளியே சீமெந்துத் திண்ணையில் வைத்து, நாள்தோறும் மாலையில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றியும் அது தேறவில்லை. அருகிலுள்ள சிற்றிலை இத்தியும் இலை உதிர்க்கிறது. "எங்கள் ஊரில் கொழும்பைப் போல வெயில் இல்லையே, பிறகு ஏன் இப்படி? அடுத்த வறட்சிக்கு முன் எந்த மரத்தை வாங்கலாம்?" என்பது அவருடைய கேள்வி.

வெயில் இல்லை என்ற எண்ணத்திலிருந்துதான் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. காற்று குளிர்ந்திருப்பதால் நமக்கு உறைக்காவிட்டாலும், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்திலுள்ள பண்டாரவளையில் தெளிந்த வானத்து வெயில் தாழ்நிலத்து வெயிலை விடக் கூர்மையானது. 1,000 மீட்டர் உயர்வுக்குப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. அதைவிடப் பெரிய பகை கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை அட்டன், நுவரெலியாப் பக்கச் சரிவுகளில் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, பண்டாரவளை அமைந்துள்ள ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை இழுப்பது இந்தக் காற்றுதான். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவதும் இதே காற்றுதான் என்பதை மலையில் வாழும் நாம் அறிவோம். ஆனால் தேயிலைச் செடிக்கு நிலத்தினுள் ஆழமாகச் செல்லும் வேர் உண்டு; உங்கள் ஜுனிப்பருக்கு இருப்பது இரண்டு மூன்று அங்குல மண் மட்டுமே.

ஆகவே முதலில் சாடியைத் திண்ணையிலிருந்து எடுங்கள். பகல் முழுவதும் சூடேறும் சீமெந்து அந்தச் சூட்டை மாலை வரை சாடிக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். மண் 35 பாகை செல்சியஸைத் தாண்டும்போது பல மரங்களின் நுனிவேர்கள் வேலையை நிறுத்தத் தொடங்குகின்றன. வேர் நீரை அனுப்ப முடியாத வேளையில் காற்று இலையை உறிஞ்சுவதால்தான், மண் ஈரமாக இருந்தாலும் நுனி கருகுகிறது. மரப்பலகை மேடையொன்றில் காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, காற்று வரும் பக்கத்தில் வேலியோ நிழல்வலையோ கட்டுங்கள். சாடியின் வெளிப்புறத்தை ஈரச் சாக்கினால் சுற்றுவது பார்வைக்கு அழகில்லை, ஆனால் வேருக்கு இதைவிட நல்ல உதவி இல்லை.

அடுத்தது தண்ணீர். சில வருடங்களுக்கு முன் அப்புத்தளையில் ஒரு வீட்டில், நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றப்பட்ட ஓர் இத்தியைச் சாடியிலிருந்து உருவிப் பார்த்தேன். மேலே ஒரு விரல் அகலத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது. நடுவில் வேர்க்கட்டி வெளிறி, தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஒருமுறை முற்றாகக் காய்ந்த தும்பு மண் தண்ணீரை ஏற்காமல் ஓரத்தால் வழியவிட்டுவிடும், அடித்துளையில் நீர் சொட்டுவதைப் பார்த்து நாமும் ஏமாந்துபோவோம். உங்கள் கோப்பைத் தண்ணீரும் இப்படித்தான் போயிருக்கக் கூடும். வாளியில் சாடியை விளிம்பு மூழ்க வைத்து, குமிழி நிற்கும்வரை விட்டு எடுங்கள். பிறகு தோல் சீவிய மூங்கில் குச்சியொன்றை மண்ணில் ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் காத்திருக்கலாம், உலர்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். கச்சான் வீசும் நாட்களில் காலையில் நன்றாக ஊற்றி, மாலையில் குச்சியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மலையூற்றுப் பீலித் தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும். இலைமேல் தெளிப்பது வேருக்கு ஊற்றுவதற்கு ஈடாகாது.

பழுப்பான ஜுனிப்பரைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மரம் உள்ளே இறந்து சில வாரங்கள் கழித்தே வெளியே பழுப்பாகும். சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அப்படியானால் வெட்டவோ மண் மாற்றவோ உரமிடவோ வேண்டாம், நிழலும் சீரான ஈரமும் மட்டும் கொடுங்கள். அதை வீட்டுக்குள் எடுத்துச் செல்லவும் கூடாது. வறட்சியில் தேயிலைக்கு வைத்திருக்கும் யூரியாவில் ஒரு பிடி போடுவது நன்மை என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த மண்ணில் உப்புச் செறிவு கூடி, எஞ்சிய நுனிவேரையும் அது கருக்கிவிடும். இத்தி எளிதில் தோற்காது. நிழலில் வைத்தால் பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும்.

எதை வாங்கலாம் என்பதற்கு இத்தி, கடதாசிப்பூ, வெண்ணிற மணப்பூ பூக்கும் எட்டேரியா மூன்றும் வறட்சியைத் தாங்கும் நல்ல தெரிவுகள். ஆனால் மலையகத்தில் இருப்பவருக்கு நான் மனமார்ந்து பரிந்துரைப்பது தேயிலையைத்தான். மறுநடுகைக்காக விதைத் தேயிலையைப் பிடுங்கும் மலைகளில், தலைமுறைகளாகக் கவ்வாத்து (கிளைவெட்டு) வாங்கி முறுகித் தடித்த அடிமரங்கள் விறகாகிப் போகின்றன. எந்தப் பொன்சாய்க் கலைஞரும் பல பத்தாண்டு உழைத்துப் பெற விரும்பும் வடிவம் அவற்றில் தயாராக இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஒக்டோபர் மழை தொடங்கியதும் ஒன்றை எடுங்கள். கவ்வாத்துக் கத்தியால் எல்லாக் கிளைகளையும் மொட்டையடிக்காமல், தோட்டத்தில் செய்வது போல இலையோடு ஓரிரு கிளைகளை விட்டுவையுங்கள். அந்த இலைகளே வேருக்கு உணவு தரும். வெட்டிய இடத்தில் வெயில் படாதபடி மிலாறை (வெட்டிய தேயிலைக் குச்சிகளை) மேலே பரப்பும் பழக்கமும் இங்கே அப்படியே பொருந்தும். முதல் ஓரிரு ஆண்டுகள் ஆழமான மரப்பெட்டியில், சுண்ணாம்பு படாத புளிப்பு மண்ணில் வளர்த்து, புதுவேர் நிறைந்த பிறகே தாழ்ந்த சாடிக்கு மாற்றலாம். மண்ணுக்குச் சலித்த ஆற்று மணல், உடைத்த ஓட்டுத் துண்டு, மக்கிய இலை ஆகியவை போதுமானவை. தோட்டத்துச் செம்மண் மட்டும் வேண்டாம், அது சாடிக்குள் இறுகிவிடும்.

அட்டன், நுவரெலியாப் பக்கத்து வாசகர்களுக்கு வறட்சி ஜனவரி முதல் மார்ச் வரை வருவதால், அவர்கள் சாடி மாற்றும் வேலையைச் சித்திரைக்குப் பிந்திய மழைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். நுவரெலியாவில் அந்தக் காலத்து இரவில் தரைப்பனி உறையும் என்பதால் இத்தியைக் கூரைக்குக் கீழே எடுத்து வைக்க வேண்டும். பண்டாரவளையில் உங்களுக்கு அந்தக் கவலை அநேகமாக இருக்காது. கச்சான் தொடங்குமுன் மே மாதத்திலேயே மேடையையும் வலையையும் கட்டிவிடுங்கள்.