மாலையைக் கழற்றினோம், குழுவில் பேச்சும் நின்றுவிட்டது

கேள்வி: நாங்கள் ஈரோடு பக்கம் விசைத்தறிப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்ட 34 பேர் சேர்ந்து, 'இந்த வருஷம் மாலையைக் கழற்றிய பிறகும் பீடி, சிகரெட்டைத் தொடக் கூடாது' என்று பேசி ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். நான்தான் அட்மின். தை மாதம் முழுக்க நன்றாகப் போனது. இப்போது பங்குனி. குட்மார்னிங் படமும் பார்வர்டு வீடியோவும் தவிர எதுவும் வருவதில்லை. சிலர் மறுபடி ஆரம்பித்துவிட்டதாகக் காதில் விழுகிறது. உண்மையைச் சொன்னால், மாசியில் ஒரு கல்யாண வீட்டில் நானும் இரண்டு சிகரெட் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் குழுவில் சொல்லவும் இல்லை. குழுவை மறுபடி நடமாட வைக்க முடியுமா, இல்லை கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்காதீர்கள். உங்கள் கேள்வியின் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களே, குழு அமைதியாகிப் போன காரணம் அங்கேதான் இருக்கிறது. அட்மினான உங்களாலேயே சொல்ல முடியாத ஒன்றை மற்ற 33 பேர் எப்படிச் சொல்வார்கள்? இரண்டு பேர் சறுக்கியிருப்பார்கள், அப்புறம் நான்கு பேர். குழுவைத் திறந்தாலே மனது உறுத்தும். திறக்காமல் விட்டிருப்பார்கள்.

முதலில் மாலை போட்டிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நிக்கோட்டின் நின்றவுடன் வரும் எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் பதியாத நிலை எல்லாம் முதல் இரண்டு, மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அப்படியென்றால் 41 நாள் விரதத்துக்குள் உங்கள் உடம்பு கடினமான பகுதியைத் தாண்டிவிட்டது. பல வருடம் புகைத்தவர்கள் எந்த மருந்தும் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமே இல்லை.

எப்படி முடிந்தது? கறுப்பு வேட்டியையும் மாலையையும் பார்த்ததும் டீக்கடையில் யாரும் பாக்கெட்டை நீட்டவில்லை. எல்லோரும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். காலையும் மாலையும் சரணம் சொல்ல ஒரு நேரம் இருந்தது. கேட்பதற்குக் குருசாமி இருந்தார். முதல் முறை போகும் கன்னிசாமியைக் கவனித்துக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள். மாலையைக் கழற்றிய அன்றே இவ்வளவும் போய்விட்டது. அதே தறிச் சத்தம், அதே டீக்கடை, கயிற்றில் தொங்கும் அதே லைட்டர். உடம்பு விட்டுவிட்டது, இடமும் நேரமும் விடவில்லை. விரதம் கொடுத்த அந்தத் துணையைக் குழு எந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்றுதான் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மெசேஜ் வருகிறது என்று எண்ண வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவால் பயன் உண்டா என்று சந்தேகம் வந்தால் ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2015-இல் வெளியானது. புதிதாகப் புகைப்பதை விட்ட 136 பேரில் ஒரு பகுதியினரை வாட்ஸ்அப் குழுக்களிலும், ஒரு பகுதியினரை ஃபேஸ்புக் குழுக்களிலும் இரண்டு மாதம் சேர்த்தார்கள். மீதிப் பேருக்குக் குழு கிடையாது. இரண்டு மாத முடிவில் வாட்ஸ்அப் குழுக்களில் 17 சதவீதம் பேர் திரும்பப் புகைத்திருந்தார்கள். குழு இல்லாதவர்களில் 43 சதவீதம். ஆறாவது மாதத்தில் இது 40-க்கு 61 என்று இருந்தது. ஃபேஸ்புக் குழுக்களில் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப்பில் நடத்துநரும் உறுப்பினர்களும் அதிகம் பேசியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டு விஷயம் உங்களுக்கு உதவும். சின்ன, மூடிய குழுவில் பேச்சு நடந்தால் பலன் தெரிகிறது, அந்தப் பேச்சை நடத்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: குழுவில் இருந்தவர்களிலும் ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேர் திரும்பியிருக்கிறார்கள். சறுக்கல் எந்த நல்ல குழுவிலும் நடக்கும். அதற்கு இடம் வைக்காத குழு நிற்காது.

சறுக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் பழக்கங்களிலிருந்து மீள்பவர்களைப் பல காலம் கவனித்தவர். விட்டவர் ஒருமுறை தொட்டுவிட்டால், அந்த ஒரு முறையைவிட, அதன் பிறகு அவர் மனதில் ஓடும் எண்ணம்தான் அவரை முழுதாகத் தள்ளுகிறது என்று விளக்கினார். நம் ஊரில் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: 'முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு?' ஒன்று அடித்தாயிற்று, விரதம் கெட்டது, இனி விட்டு என்ன, விடாமல் என்ன என்கிற எண்ணம். விரதத்தோடு சேர்த்து விட்டவர்களுக்கு இது இன்னும் பலமாக இருக்கும், ஏனென்றால் விரதம் என்றால் கெட்டது அல்லது கெடவில்லை, இரண்டில் ஒன்றுதான். உடம்புக்கு அந்தக் கணக்கு கிடையாது. கல்யாண வீட்டில் நீங்கள் அடித்த இரண்டு, அதற்கு முன்பு தொடாமல் இருந்த மூன்று மாதத்தை அழித்துவிடாது. நீங்கள் முழுதாகத் திரும்பவில்லை, இரண்டோடு நிறுத்திவிட்டீர்கள். அதை எப்படி நிறுத்தினீர்கள் என்பது குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தேவையான தகவல். அதைத்தான் நீங்கள் மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே, ஒருவர் 'அடிச்சுட்டேன்' என்று எழுதினால் குழு என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஐயோ', 'உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை', அழும் முகம் எதுவும் வேண்டாம். புற்றுநோய் பற்றிய பாடமும் வேண்டாம். கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி போதும். எங்கே இருந்தீர்கள்? யார் கூட? அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அவரைத் தூண்டியது எது என்று பதிலில் தெரியும். சம்பள நாள், இரவு ஷிஃப்ட், மது, வீட்டில் சண்டை, ஒரு குறிப்பிட்ட நண்பர். மதுவும் சிகரெட்டும் ஒன்றையொன்று இழுத்து வரும் என்பதை என்னிடம் வருபவர்கள் எல்லோருமே சொல்வார்கள். அடுத்த முறை அந்த இடத்துக்குப் போகும்போது யார் துணைக்கு வருவார், அல்லது யாருக்கு முதலில் போன் போடுவது என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது முறைப்பணி. இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். புகைக்க வேண்டும் என்ற அரிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு மேல் அதே வேகத்தில் நிற்காது. அந்தச் சில நிமிடத்தில் ஒரு குரல் கிடைத்தால் பல பேர் தாண்டிவிடுவார்கள். குழுவில் எழுதினால் மூன்று மணி நேரம் கழித்து ஒரு கட்டை விரல் படம் வருகிறது என்றால், அடுத்த முறை எழுத மாட்டார்கள். எனவே ஒரு நாளை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலை, பிற்பகல், இரவு ஷிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். அரிப்பு வந்தவர் நீளமாக எழுத வேண்டாம், '1' என்று போட்டால் போதும். முறையில் இருப்பவர் உடனே போன் செய்ய வேண்டும். அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. மழை, கிரிக்கெட், நூல் விலை எதை வேண்டுமானாலும் பேசுங்கள். பேசிக்கொண்டே டீக்கடையை விட்டு நகர்ந்து நடக்கச் சொல்லுங்கள்.

சரி, தினமும் என்ன பேசுவது? சரணத்துக்கு நேரம் இருந்தது போலக் குழுவுக்கும் ஒரு நேரம் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. 'எல்லோரும் நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். 'இன்னைக்கு எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சு?', 'சாப்பிட்ட பிறகு கைக்கு என்ன வேலை கொடுத்தீங்க?', 'வீட்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?' இப்படிக் கேளுங்கள். மாதம் ஒரு முறை பணக் கணக்கு போடலாம். நாளைக்கு 6 சிகரெட், ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,600 ரூபாய். அதில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டால் மௌனமாக இருப்பவர்களும் பதில் போடுவார்கள்.

எல்லோரும் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எந்தக் குழுவிலும் சிலர் பேசுவார்கள், மற்றவர்கள் படிப்பார்கள். படிப்பவருக்கும் அது துணைதான். ஆனால் பல நாளாகத் திறந்தே பார்க்காதவர்களைத் தனியாகத் தொடர்பு கொள்ளுங்கள். குழுவில் பெயர் சொல்லிக் கேட்பது தவறு. போனில் இப்படிப் பேசலாம்: "அண்ணே, எப்படி இருக்கீங்க? அடிச்சாலும் சரி, அடிக்கலைன்னாலும் சரி, குரூப்ல உங்க இடம் அப்படியே இருக்கு." அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அவரே சொல்வார்.

பார்வர்டுகளை நிறுத்தியாக வேண்டும். ஆசைப்படுபவர்களுக்கு அதற்கென்று தனிக் குழு வைத்துக் கொடுங்கள். அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டுவது மட்டும் வேண்டாம், மிச்சமிருக்கும் பேச்சும் போய்விடும். சிகரெட் படமும் புகை விடும் வீடியோவும், பிரச்சாரத்துக்காக இருந்தாலும் வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் அரிப்பைக் கிளப்பக்கூடியவை அவை. பயமுறுத்தும் படம் ஏற்கெனவே பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் இருக்கிறது.

புது ஆட்களைச் சேருங்கள். மூன்றாவது நாளில் தவிக்கும் ஒருவரைக் கவனிக்கும்போதுதான் பழைய ஆளுக்கும் குழுவில் ஒரு வேலை இருக்கிறது. கன்னிசாமியைப் போல நினைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய ஆளை ஜோடி சேருங்கள். தானாகவே விட முயல்பவர்களில் பெரும்பாலானோர் முதல் எட்டு நாளுக்குள் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் அந்த ஒரு வாரம் தினமும் போன் போக வேண்டும். டீயையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். புகையில் உள்ள சில பொருட்கள் காஃபினை உடம்பு வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. விட்டபின் அந்த வேகம் குறைவதால் அதே நாலு டீ ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். அதனால் வரும் படபடப்பைச் சிகரெட் இல்லாததால் வந்ததாக நினைத்துவிடுவார்கள். சிகரெட்டுக்குப் பதில் வாயில் புகையிலை ஒதுக்க ஆரம்பித்தவர் இன்னும் விடவில்லை, அதையும் அன்போடு சொல்லிவிடுங்கள்.

குழு செய்யக் கூடாதது ஒன்று உண்டு: மருந்து சொல்வது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைக்கும் ஆளுக்கு நிக்கோட்டின் பிடிப்பு அதிகம். அவருக்கு மன உறுதி மட்டும் போதாமல் போகலாம். நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரை எல்லாம் இருக்கின்றன, ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதய நோய், வலிப்பு, மனநல மருந்து என்று ஏதாவது இருந்தால் இன்னும் கவனம் தேவை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 எண்ணை அழைத்தால் இலவசமாக ஆலோசகரிடம் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். யாராவது வாழப் பிடிக்கவில்லை என்கிற தொனியில் எழுதினால் குழுவில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுத்து, ஒருவர் நேரில் போய் உட்காருங்கள்.

நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்காதீர்கள். இன்னும் இரண்டு பேரை அட்மினாக்குங்கள், ஒருவர் இரவு ஷிஃப்ட்காரராக இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று இரவு வேலை முடிந்து வந்ததும் நீங்கள் எழுத வேண்டிய முதல் செய்தி. உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், ஏறக்குறைய இப்படி: "மாசியில ஒரு கல்யாணத்துல ரெண்டு அடிச்சுட்டேன். பந்திக்கு அப்புறம் பழைய கூட்டத்தோட நின்னேன், கை நீண்டுடுச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கலை. அடுத்த நாள்ல இருந்து தொடலை. உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் இத்தனை நாள் சொல்லலை. வேற யாருக்காவது இப்படி ஆகியிருந்தா எனக்குத் தனியா எழுதினாலும் சரி, இங்க எழுதினாலும் சரி. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போன் கையிலேயே வெச்சிருப்பேன்."