வாசகர் கேள்வி பதில்: கெண்டோ கட்டா (ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் இருவர் சேர்ந்து செய்யும், முன்பே வகுத்த பத்துப் பயிற்சி வரிசைகள்)

கேள்வி: பயிற்சி தர வந்திருந்த மூத்த ஆசிரியர், முதல் கட்டாவிலேயே "சீக்கிரம் நகர்கிறாய்" என்று ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்திவிட்டார். இதுவரை மெதுவாக இருக்கிறேன் என்றுதான் திட்டு வாங்கியிருக்கிறேன். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், நீங்கள் புறப்படுவது முந்தி, திருப்பி வெட்டுவது பிந்தி.

கட்டாவில் உச்சிதாச்சி என்பவர் ஆசிரியர் நிலையில் இருந்து முதலில் தாக்குபவர். ஷிதாச்சி பதில் தருபவர். வந்த ஆசிரியர் உச்சிதாச்சியாக நின்றிருப்பார். ஜோதான் என்பது வாளைத் தலைக்கு மேல் உயர்த்தும் நிலை. அவர் இடது ஜோதானிலும் (இடது கால் முன்னே) நீங்கள் வலது ஜோதானிலும் (வலது கால் முன்னே) வாளை உயர்த்தி மூன்று எட்டு வைத்து நெருங்கியதும், அவர் வலது காலை எடுத்து வைத்து "யா" என்று நேராக வெட்டுவார். உங்கள் கைப்பிடியையும் சேர்த்துத் தலையைப் பிளக்கும் வெட்டு அது. ஆகவே பாதியில் நிற்காது. வாள்முனை முழங்காலுக்குக் கீழே இறங்கும், மேலுடல் சற்று முன்னே சாயும். வெட்டு கிளம்பும் முன்பே நீங்கள் பின்வாங்கினால் இலக்கு போய்விட்டது அவருக்குத் தெரியும். நிஜத்தில் அவர் வெட்டமாட்டார், உங்களைத் துரத்துவார். வெட்டைத் திரும்பப் பெற முடியாத நிலைக்கு அவர் வந்த பிறகுதான் உங்கள் இடது கால் பின்னே போக வேண்டும்.

பின்வாங்கும் தூரத்திலும் கவனம் தேவை. உடல் நகராமல் கையை மட்டும் இழுத்தால் வாள் உங்கள் மேல் விழும். பெரிய அடியாகப் பின்வாங்கினால் உங்கள் வெட்டு எட்டாது. எட்டிப் பிடிக்கத்தான் தாமதமாகிறீர்கள். சிறிதாகப் பின்வாங்கி, இரு கைகளையும் வாள்முனை காட்டும் பின்திசையில் இழுத்து, அவர் வாள் கடந்ததும் வலது காலை வைத்து "தோ" என்று வெட்டுங்கள். வெட்டிய பின்பும் விட்டுவிடக் கூடாது. அவர் குனிந்தபடியே ஓரடி பின்வாங்கும்போது உங்கள் முனை அவர் முகத்தின் நடுவை நோக்கி இறங்கட்டும். அடுத்த அடி அவர் எடுக்கும்போது இடது காலை முன்வைத்து ஜோதானுக்கு ஏறுங்கள்.

கேள்வி: அவர் சொன்ன சில நுணுக்கங்கள் எங்கள் ஆசிரியர் சொன்னதோடு ஒத்துவரவில்லை. யாரைப் பின்பற்றுவது?

பதில்: இந்தக் கட்டா 1912-ல் வகுக்கப்பட்டது. மூல வாசகம் சுருக்கமானது என்பதால் 1917-லும் 1933-லும் விளக்கங்கள் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகும் ஆசிரியருக்கு ஆசிரியர் அழுத்தம் மாறத்தான் செய்யும். பயிற்சி நடக்கும்போது வந்தவர் சொன்னபடியே செய்யுங்கள். "எங்கள் இடத்தில் இப்படி" என்று அங்கே வாதாடுவது மரியாதையுமல்ல, பயனுமில்லை. தரத்தேர்வு நெருங்கினால் மட்டும், தேர்வாளர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு கட்டாவும் முடியும்போது நாங்கள் இருவரும் தொடங்கிய இடத்தில் இருப்பதில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் பின்னோக்கிய ஐந்து அடிகள்தான் காரணம். நெருங்கும் மூன்றும் பெரிய அடிகள், திரும்பும் ஐந்தும் சிறியவை. இருவரும் நடுவில் சூதானுக்கு, அதாவது வாளை உடலுக்கு முன்னே நடு உயரத்தில் நீட்டும் நிலைக்குத் திரும்பி, வாளைத் தளர்த்தி, இடது காலில் தொடங்கி ஒரே நேரத்தில் பின்செல்ல வேண்டும். தளர்த்தும்போது முனை எதிராளியின் முழங்காலுக்கு 3 முதல் 6 சென்டிமீட்டர் கீழே, அவர் உடலுக்குச் சற்று வெளியே இருக்கட்டும், தொங்கவிட வேண்டாம். நடுவுக்கு வருமுன்பே ஒருவர் தளர்த்திவிட்டால் பத்து கட்டா முடிவதற்குள் இருவரும் மண்டபத்தின் ஓரத்தில் நிற்பீர்கள்.

கேள்வி: மரவாள் என்ன அளவில் வேண்டும்?

பதில்: நீள வாள் சுமார் 102 சென்டிமீட்டர், குட்டை வாள் சுமார் 55. முதல் ஏழு கட்டாவுக்கு இருவருக்கும் நீள வாள். கடைசி மூன்றில் ஷிதாச்சிக்கு மட்டும் குட்டை வாள். பயிற்சிக்கு முன் அலகை விரலால் தடவிப் பாருங்கள். சிம்பு எழும்பியிருந்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள்; விரிசல் கண்ட வாளை எடுத்து வரவே வேண்டாம்.

கேள்வி: அவர் போன பிறகு எப்படித் தொடர்வது?

பதில்: அவருடன் ஷிதாச்சியாகவே செய்திருப்பீர்கள், உங்களுக்குள் பயில உச்சிதாச்சியும் வேண்டுமே. அதனால் அவர் இருக்கும்போதே ஒருமுறையாவது அந்தப் பக்கத்தைச் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தலைக்கு நேராக வராத, நடுவில் நின்றுவிடும் வெட்டைக் கொடுக்கும் உச்சிதாச்சியோடு எத்தனை மாதம் பயின்றாலும் ஷிதாச்சிக்கு நேரம் பிடிபடாது.