ஆள் தெரியாத ஊரில் எனக்காக யார் வாய் திறப்பார்கள்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். கனடா வந்து இரண்டு வருடமாகிறது. ஒரு பெயின்ற் கொம்பனியில் வேலை பழகி, இப்போது ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் தனியாகத் தொடங்கியிருக்கிறீர்கள். தமிழ் வர்த்தகக் கையேட்டில் விளம்பரம் போட்டும் அழைப்பு வரவில்லை. "வாய்வழியாகத்தான் வேலை வரும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எனக்காக வாய் திறக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். ஆள் பிடித்துத் தருகிறவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொண்ணூறுகளிலிருந்து இதே தொழிலில் இருக்கிறேன். எனக்கு வந்த வேலைகளில் பெரும்பகுதி யாரோ ஒருவர் சொல்லி வந்ததுதான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒருவர் உங்கள் பெயரை இன்னொருவரிடம் சொல்லும்போது தன்னுடைய மரியாதையைத்தான் பணயம் வைக்கிறார். அவர் உங்களைத் தன் மைத்துனர் வீட்டுக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். நீங்கள் சொன்ன நாளில் போகவில்லை, அல்லது வேலை நடுவில் விலையைக் கூட்டினீர்கள் என்றால், அடுத்த கலியாணத்தில் எல்லோர் முன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறவர் அவர்தான். சனத்துக்கு உள்ளே இருக்கும் பயம் இது. உங்கள் வேலை எவ்வளவு திறமாக இருந்தாலும் இந்தப் பயம் போகாதவரை யாரும் உங்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்காரருக்குப் பெயின்ற் வேலையின் நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தீர்களா, இரண்டு பூச்சுக்கும் நடுவில் காய விட்டீர்களா என்பதெல்லாம் அவருக்குப் புரியாது. அவர் பார்ப்பது வேறு. கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்ததா, எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வந்தாரா, தளபாடத்தை மூடினாரா, பின்னேரம் போகும்போது தூசியைக் கூட்டினாரா, சொன்ன விலையிலேயே முடித்தாரா. ஆகவே விலையை எப்போதும் எழுத்தில் கொடுங்கள். எந்த அறை, சீலிங் உண்டா இல்லையா, எத்தனை பூச்சு, பெயின்ற் யார் வாங்குவது, எச்எஸ்ரி (விற்பனை வரி) சேர்ந்ததா, எல்லாம் ஒரே தாளில். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால் கடைசிக் கணக்கு அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய வேலை சேர்ந்தால் அதற்குப் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும். நான் அந்த 10 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. "சொன்ன காசுக்குச் செய்து தந்தார்" என்பதைப்போல இன்னொரு வீட்டின் கதவைத் திறக்கும் வார்த்தை வேறில்லை.

எடுக்கக்கூடாத வேலையை வேண்டாம் என்று சொல்வதும் அப்படித்தான். ஸ்காபரோவில் ஐம்பதுகள், அறுபதுகளில் கட்டிய பங்களாக்கள் நிறைய. 1960க்கு முன் கட்டிய வீடுகளின் பழைய பெயின்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பொரி ஒட்டியதுபோல் சொரசொரப்பான பழைய பொப்கோர்ன் சீலிங்கில் அஸ்பெஸ்ரஸ் நார் இருக்கக்கூடும். இரண்டின் தூசியும் உடலுக்குக் கேடு. "சுரண்டி எடுத்துவிடலாம்" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த வேலை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒருவர் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து எச்சரித்தார் என்பதைச் சனம் மறக்காது.

இன்னொன்று, சின்ன விஷயம். வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்றைக் கண்டபடி விட்டுவிட்டு வராதீர்கள். தகரத்தின் மூடியில் ஒரு ஒட்டுத்தாள்: எந்த அறை, நிறத்தின் பெயர், இலக்கம், மினுக்கம், அடித்த மாதம், கீழே உங்கள் தொலைபேசி இலக்கம். அதை பேஸ்மென்ற்றில் வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். மூன்று நாலு வருடத்துக்குப் பிறகு பிள்ளை சுவரில் கீறியதும் அந்தத் தகரத்தைத்தான் தேடுவார்கள். உங்கள் விசிட்டிங் காட் எப்போதோ தொலைந்திருக்கும், தகரம் தொலையாது.

சரி, யார் சொல்வார்கள்? சொந்தபந்தம் அதிகமுள்ளவரைத் தேடி ஓடாதீர்கள். "நல்ல பெயின்ற்காரர் ஆரும் தெரியுமா?" என்ற கேள்வி அடிக்கடி யாரிடம் வருகிறது என்று பாருங்கள். வீடு விற்கும் ஏஜென்ற்மாரிடம் வருகிறது, ஏனென்றால் இளவேனிலில் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் எல்லோரும் சுவரைப் புதுப்பிக்கிறார்கள். வீட்டுக்குத் தரை போடுகிறவர், பாத்ரூம் திருத்துகிறவர், சின்னச் சின்னத் திருத்தவேலை செய்கிறவர் ஆகியோரிடம் வருகிறது, அவர்கள் உடைத்த சுவரை யாராவது பூசத்தானே வேண்டும். பெயின்ற் கடையின் முன்மேசையில் நிற்கிறவரிடமும் வருகிறது. காலையில் அங்கே போகும்போது அவருடன் இரண்டு வார்த்தை கதையுங்கள். இவர்களில் இரண்டு பேர் உங்களை நம்பினாலே போதும், ஒரு மண்டபம் நிறைய உறவினர் செய்யாததைச் செய்வார்கள்.

புதிய குடியிருப்புகளையும் கவனியுங்கள். ஸ்காபரோவுக்குக் கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் ஒரு தெரு முழுக்க ஒரே காலத்தில் கட்டிய வீடுகள். கட்டியவர் அடித்துக் கொடுப்பது மெல்லிய பூச்சு, கை பட்டாலே அழுக்கு நிற்கும். முதல் குளிர்காலம் ஹீற்றர் ஓடி மரம் காய்ந்ததும் சுவரில் ஆணித்தலைகள் தள்ளிக்கொண்டு வரும். கட்டியவர் செய்து தரும் முதல் வருட உத்தரவாதத் திருத்தங்கள் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் எல்லோரும் பெயின்ற் அடிக்க யோசிப்பார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒரு வீட்டை வடிவாகச் செய்தால், பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் அம்மாவும் எதிர்வீட்டு குஜராத்திக் குடும்பமும் உங்களைப் பார்க்கிறார்கள். அந்தத் தெருவுக்கென்று பெரும்பாலும் ஒரு வட்ஸ்அப் குழுவும் இருக்கும். நம்மாட்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் முதல் சில வேலைகளைத் தரும், தரட்டும். அதற்கு மேல் வளர அயலட்டைதான் வேண்டும்.

கேட்கவும் வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கனபேர் இருந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் அறைக்கு அறை நடந்து பார்த்து முகம் மலரும் நேரம்தான் கேட்கும் நேரம், காசு வாங்கிய பிறகு இல்லை. "யாராவது இருந்தால் சொல்லுங்கோ அண்ணா" என்றால் அவர் மனதில் ஒரு முகமும் வராது. "உங்களுடைய வேலையிடத்தில் ஆராவது புதுசாக வீடு வாங்கியிருக்கினமா?" என்று கேளுங்கள், உடனே ஒரு பெயர் வரும். கூகிளில் கருத்து எழுதச் சொல்வதும் அப்போதே. அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ கொடுக்காதீர்கள், அது கூகிளின் விதிகளுக்கு எதிரானது.

அவர் ஒரு இலக்கத்தைத் தந்தால் என்ன செய்வது? முடிந்தால், "முதலில் நீங்கள் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்று கேளுங்கள். நீங்களே செய்தி அனுப்புவதென்றால் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2014 யூலை முதல், சம்மதம் இல்லாமல் வியாபார மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பக்கூடாது. ஆனால், பெறுகிறவரையும் உங்களையும் ஏற்கெனவே தெரிந்த ஒருவர் பரிந்துரைத்திருந்தால், அவருடைய முழுப்பெயரைச் சொல்லி ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். உங்கள் விபரமும், இனிச் செய்தி வேண்டாமென்றால் மறுக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும். நான் அனுப்புவது இப்படித்தான்: "வணக்கம் அக்கா. நான் ஸ்காபரோவில் பெயின்ற் வேலை செய்கிறேன். உங்களுடன் வேலை செய்யும் இன்னார்தான் உங்கள் இலக்கத்தைத் தந்தவர், போன மாதம் அவருடைய வீட்டைச் செய்தேன். வந்து பார்த்து விலை சொல்லக் காசு வாங்கமாட்டேன். வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள், பிறகு தொந்தரவு செய்யமாட்டேன்." கீழே பெயர், முகவரி, இலக்கம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரிந்துரைத்தவருக்குத் திரும்பச் சொல்லுங்கள்: "அண்ணா, போய்ப் பார்த்தேன், வைகாசியில் செய்யச் சொல்லியிருக்கிறா." தான் அனுப்பிய ஆள் என்ன ஆனார் என்று தெரியாமல் இருப்பது அவருக்கு ஒரு உறுத்தல். அதைத் தீர்த்துவைத்தால் அடுத்த பெயரைத் தானாகவே தருவார்.

இனி கமிஷன். நான் கொடுப்பதில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்பேன். காசு வாங்கிக்கொண்டுதான் சொன்னார் என்று தெரிந்ததும் அந்த வார்த்தையின் பெறுமதி போய்விடுகிறது. ஏஜென்ற்மாருக்கு இதில் கூடுதல் சிக்கல், தங்களுக்குக் கிடைக்கும் நன்மையைத் தங்கள் வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. பொங்கலுக்கு ஒரு பெட்டி பலகாரத்துடன் வீட்டுக்குப் போய் வாருங்கள். அவர் வீட்டில் ஒரு கதவு உரிந்திருந்தால் காசு வாங்காமல் அடித்துக் கொடுங்கள்.

"நம்மாள்தானே, பில் வேண்டாம், குறைத்துப் போடும்" என்பவர்கள் வருவார்கள். குறைத்த விலைக்குச் செய்த வீடு குறைத்த விலையையும் சேர்த்துத்தான் பரப்பும். எல்லோருக்கும் ஒரே கணக்கு, எல்லோருக்கும் பில். எச்எஸ்ரி பதிவு, அடுத்தடுத்த நாலு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் கட்டாயம். கிட்ட வரும்போதே கணக்காளரிடம் கதையுங்கள். வேலையில் பிறருக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்புறுதியை இப்போதே எடுங்கள். குடியிருப்பவரிடமே நேரடியாக வேலை எடுத்து, வீட்டுத் திருத்த வேலை மட்டுமே செய்யும் தனியாளுக்கு டபிள்யூஎஸ்ஐபி என்ற வேலையிட விபத்துக் காப்புறுதியில் கட்டாயம் சேர வேண்டியதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் நல்ல பெயர் வந்ததும் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கோ ஒரு கொன்ராக்டரின் வேலையோ தேடி வரும். அங்கே முதல் கேள்வியே காப்புறுதித் தாளும் டபிள்யூஎஸ்ஐபி சான்றிதழும்தான். இல்லையென்றால் உங்களை அனுப்பியவருக்கும் சேர்த்துத் தலைகுனிவு.

கடைசியாக, பழைய கொம்பனியின் வாடிக்கையாளர்களை இரகசியமாக அழைக்காதீர்கள். அதற்குப் பதிலாக அந்த முதலாளியிடமே நேராகப் போங்கள். ஒரு அறை, ஒரு படிக்கட்டு, இரண்டு கதவு என்று வரும் வேலைகளுக்கு ஆள் அனுப்ப அவருக்குக் கட்டுப்படியாகாது, வேண்டாமென்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். "நீங்கள் விடுகிற சின்ன வேலைகளை எனக்குத் தாருங்கள், உங்கள் பெயர் கெடாமல் செய்து தருவேன்" என்று சொல்லுங்கள். உங்கள் கையைப் பார்த்த மனிதர் இந்த ஊரில் இப்போதைக்கு அவர் ஒருவர்தான். பங்குனி பிறந்தால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அதற்கு முன் போய்க் கதையுங்கள்.